தேயிலையும் மூலக்கூறும்

யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் ஒரு காற்று வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, மலைமுகடுகளைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரமற்ற வறண்ட காற்றாகிவிடுகிறது. கச்சான் என்று மக்கள் வழங்கும் அக்காற்று வீசும் நாள்களில், பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த பூனாகலையிலும், அதனைச் சூழ்ந்த பதுளை மாவட்டத் தோட்டங்களிலும் தேயிலைச் செடியின் வளர்ச்சி தளர்கிறது. கொழுந்து குறைகிறது. பறிப்பவரின் கூடை எளிதில் நிறைவதில்லை. ஆயினும், அந்தக் குறைந்த கொழுந்திலிருந்து பிறக்கும் தேயிலைக்கு ஆண்டின் வேறெப்பருவத்திலும் இல்லாத தனி மணம் உண்டு. கொழும்பு ஏலத்துக்காகத் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோர் அம்மணத்தை ஒரு மிடற்றிலேயே கண்டுகொள்வர். ஊவாத் தேயிலையின் உலகப் புகழுக்கு அடிப்படையும் அதுவே.

அம்மணம் யாது? மண்ணின் வளம் என்பார் ஒருவர். காற்றின் குணம் என்பார் மற்றொருவர். மலையின் உயரம் என்பார் இன்னொருவர். இவையெல்லாம் உண்மையே. ஆயின், இரசாயன அறிஞர் இவ்விடைகளோடு நின்றுவிடுவதில்லை. மண்ணும் காற்றும் உயரமும் சேர்ந்து இலைக்குள் எதனை உண்டாக்கின என்று அவர் மேலும் வினவுகிறார். அதற்குக் கிடைத்த விடைகளுள் முதன்மையானது மெதைல் சலிசிலேற்று என்னும் சேர்வையாகும். குளிர்ச்சியும் சற்றே காரமும் கலந்த அதன் வாசனை தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் பூசிக்கொள்ளும் தைலங்கள் பலவற்றில் மூக்கைத் துளைப்பது அதே வாசனைதான். வாசனை ஒத்திருப்பது மட்டுமன்று, பொருளும் ஒன்றே. நீலகிரியிலும் இலங்கையின் உயர்மலைகளிலும் வளரும் ஒரு குறுஞ்செடியின் இலையை வடித்தாலும் அப்பொருள் கிடைக்கிறது. தொழிற்சாலையில் சலிசிலிக்கு அமிலத்தையும் மெதனோலையும் சேர்த்துச் செய்தாலும் அதுவே கிடைக்கிறது. தேயிலையில் பிறந்தது உயர்ந்தது, தொழிற்சாலையில் பிறந்தது தாழ்ந்தது என்ற வேற்றுமை அதற்குள் இல்லை. இஃது எவ்வாறு என்பதை விளக்குவதே மூலக்கூறு என்னும் கொள்கை.

தேநீரில் இடும் சீனியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கரண்டிச் சீனியைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பாதியும் சீனியே. அப்பாதியை மீண்டும் மீண்டும் பகுத்துக்கொண்டே போனால், கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத ஓர் எல்லையில், இனிப் பகுத்தால் சீனி என்னும் தன்மையே அழிந்துவிடும் என்ற நிலை வருகிறது. அந்தக் கடைசித் துகளே சீனியின் மூலக்கூறு. அதில் 12 காபன் அணுக்களும் 22 ஐதரசன் அணுக்களும் 11 ஒட்சிசன் அணுக்களும், ஆக 45 அணுக்கள், ஒரு குறித்த ஒழுங்கில் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பைக் குலைத்தால் எஞ்சுவது சீனியன்று. வெறுஞ்சட்டியில் சீனியை இட்டுத் தொடர்ந்து காய்ச்சினால் இதனைக் கண்ணாரக் காணலாம். அது முதலில் உருகும், பின்பு பழுப்பாகும், இறுதியில் ஆவியாய்ப் போனது போக அடியில் கரி தங்கும். இனிப்பின் சுவடே அதில் இராது. காபன் இருந்தது, ஐதரசன் இருந்தது, ஒட்சிசன் இருந்தது, இனிப்பு மட்டும் அவற்றுள் எதிலும் தனியே இருந்ததில்லை. இனிப்பு அவற்றின் சேர்க்கையிலேதான் இருந்தது.

அணுவை எழுத்து என்றும் மூலக்கூற்றைச் சொல் என்றும் கொண்டால் இவ்வுண்மை எளிதில் விளங்கும். தலை, தளை, தழை என்னும் மூன்று சொற்களை ஒலித்துப் பார்த்தால் அவை ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. பொருளிலோ ஒன்று சிரசு, ஒன்று விலங்கு, ஒன்று இலை. எழுத்து மாறின் சொல் மாறும். சொல் மாறின் பொருள் மாறும். சொல் ஒன்றாயின், அதை ஏட்டில் எழுதினாலும் சுவரில் எழுதினாலும் பொருள் ஒன்றே. மூலக்கூறும் அவ்வாறே. மெதைல் சலிசிலேற்றின் மூலக்கூறு 8 காபன், 8 ஐதரசன், 3 ஒட்சிசன் அணுக்களால் ஆனது. அவ்வணுக்கள் அந்த ஒழுங்கில் பிணைந்துவிட்டால், பிணைத்தது பூனாகலைச் செடியா, தொழிற்சாலைக் கலமா என்று அம்மூலக்கூற்றில் எவ்வித எழுத்தும் பொறிக்கப்படுவதில்லை.

எல்லாச் சேர்வைகளும் மூலக்கூறுகளால் ஆனவையல்ல என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். கறியுப்பில் சோடியம், குளோரீன் ஆகியவற்றின் மின்னேற்றம் பெற்ற துகள்கள் மாறிமாறி அடுக்கப்பட்டுப் படிகமாய் நிற்கின்றன. அதில் தனி மூலக்கூறு என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட இயலாது. நீரும், சீனியும், இலையின் மணமும், உயிருடலின் பெரும்பகுதியும் மூலக்கூறுகளின் ஆட்சிக்கு உட்பட்டவை.

கண்ணாற் காணாத இப்பொருளை மனிதன் நம்பத் தொடங்கிய வரலாறு நெடியது. ஆங்கில அறிஞர் ஜோன் டால்ற்றன் தம் அணுக்கொள்கையை 1808ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அணு வேறு, மூலக்கூறு வேறு என்ற தெளிவை 1811ஆம் ஆண்டில் தந்தவர் இத்தாலியரான அவகாதரோ. ஒரே வெப்பநிலையும் அமுக்கமும் உள்ள இரு வாயுக்களின் சம கனவளவுகளில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமாகும் என்று அவர் கூறினார். அவர் உரையை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை. அரை நூற்றாண்டு சென்ற பின், 1860ஆம் ஆண்டில் ஜேர்மனியின் காள்சுரூவே நகரில் கூடிய இரசாயன அறிஞர் மாநாட்டிலே, அவருடைய நாட்டவரான கனிசாரோ அக்கொள்கையை எடுத்துரைத்து உயிர்ப்பித்தார். அவகாதரோ 1856ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். அம்மாநாடு கூடிய ஏழாண்டுகளுக்குப் பின், 1867ஆம் ஆண்டில், ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் வணிகப் பயிராகத் தேயிலையை நட்டார். தமிழகத்திலிருந்து நடந்தும் கடல் கடந்தும் வந்த தொழிலாளர் கோப்பிக் காடுகளை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. ஐரோப்பாவில் மூலக்கூறு என்னும் கருத்து நிலைபெற்ற காலமும், இலங்கை மலைகளில் தேயிலை வேரூன்றிய காலமும் ஏறத்தாழ ஒன்றே.

மூலக்கூறு எத்துணைச் சிறியது என்பதை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு தேக்கரண்டி நீரில் உள்ள மூலக்கூறுகளின் தொகை, 1 என்னும் எண்ணின் பின் 23 சுழிகளை இட்டால் வரும் தொகையினும் மிகுதி. உலகில் இன்று வாழும் 800 கோடிக்கு மேற்பட்ட மக்களும் உண்ணாமல் உறங்காமல், ஆளுக்கு ஒரு வினாடிக்கு ஒன்றாக, அவற்றை எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிக்க ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்செல்லும். பிரான்சு நாட்டு அறிஞர் ஜீன் பெரின் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை அளந்து, மூலக்கூறுகள் கற்பனையல்ல, எண்ணத்தக்க உண்மைப் பொருள்களே என்று நிறுவினார். அப்பணிக்காக 1926ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இத்தகைய மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்தித்து உருமாறும் மாபெரும் களமாகத் தேயிலைத் தொழிற்சாலை விளங்குகிறது. பறித்த பசுங்கொழுந்தில் முக்காற்பங்குக்கு மேல் நீரே. வாடவிடும் தட்டுகளில் பல மணி நேரம் காற்றோட்டத்தில் கிடந்து, அந்நீரின் ஒரு பகுதியை அது இழக்கிறது. பிறகு உருளைகளில் இட்டு நசுக்கப்படுகிறது. இலை முழுமையாயிருந்த வரையில் அதன் கலங்களுக்குள் கற்றெச்சின் என்னும் மூலக்கூறுகள் ஓர் அறையிலும், அவற்றை மாற்றவல்ல நொதியம் வேறோர் அறையிலும் அடைபட்டிருந்தன. நசுக்கியதும் இடைச்சுவர் இடிகிறது. நொதியமும் கற்றெச்சினும் காற்றின் ஒட்சிசனும் ஒன்றுகூடுகின்றன. கற்றெச்சின் மூலக்கூறுகள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து தியாபிளேவின் என்னும் புது மூலக்கூறு தோன்றுகிறது. தேநீரின் பொன்னிறமும் துலக்கமும் அதனால் வருவன. மேலும் பல மாற்றங்களால் செம்பழுப்பு நிறம் தரும் தியாரூபிஜின்கள் உண்டாகின்றன. பச்சை இலை செப்புநிறம் கொள்வது இவ்வாறே. இதனை நொதித்தல் என்று வழங்குவது மரபாயினும், கள் புளிப்பது போல நுண்ணுயிர்களால் நிகழ்வதன்று இது. இலையின் சொந்த நொதியங்களே செய்வது. உரிய தருணத்தில் வெப்பக்காற்றைச் செலுத்தி நொதியத்தைச் செயலிழக்கச் செய்வதே காய்ச்சுதல். தருணம் தவறினால் துலக்கமும் மணமும் குன்றும்.

மணத்தின் கதையும் அதே நசுக்குதலில் தொடங்குகிறது. பசுங்கொழுந்தை முகர்ந்தால் ஊவாத் தேயிலையின் மணம் வருவதில்லை. மெதைல் சலிசிலேற்றின் மூலக்கூறுகள் இலைக்குள் வெல்ல மூலக்கூறுகளோடு பிணைக்கப்பட்டு, பறந்து செல்ல மாட்டாதவாறு கட்டுண்டு கிடக்கின்றன. இலை நசுங்கும்போது மற்றொரு நொதியம் அப்பிணைப்பை அறுக்கிறது. விடுபட்ட மூலக்கூறு காற்றில் எழுகிறது. தாவரங்கள் இச்சேர்வையை மனிதனுக்காகச் செய்வதில்லை. பூச்சி கடித்தாலும் நோய் தாக்கினாலும் இலைகள் இதனை வெளியிடுவதும், அது காற்றின் வழியே பிற இலைகளை எட்டி அவற்றைத் தற்காப்புக்கு ஆயத்தப்படுத்துவதும் அறியப்பட்ட செய்திகள். செடியின் இடர்க்குறி மனிதனின் கோப்பையில் நறுமணமாகிறது.

அப்படியாயின், வெந்நீரில் சாயத்தையும் மெதைல் சலிசிலேற்றையும் கலந்து ஊவாத் தேநீர் செய்துவிடலாமே என்று நேயர் ஒருவர் வினவக்கூடும். அது கூடாது. சேர்வை வேறு, கலவை வேறு என்பதே காரணம். மெதைல் சலிசிலேற்று ஒரு சேர்வை; அதன் மூலக்கூறுகள் யாவும் ஒரே அமைப்பின. தேநீரோ கலவை, பல நூறு மணப்பொருள்களும், கபீனும், நிறமிகளும், அமினோ அமிலங்களும் அதில் ஒரு குறித்த விகிதத்தில் கூடியிருக்கின்றன. தனிச் சேர்வைக்குப் பிறந்த ஊர் இல்லை. கலவைக்கு உண்டு. அந்த விகிதத்தை அமைப்பவை பூனாகலையின் சரிவும், கச்சானின் வறட்சியும், பறிப்பவர் தெரிந்தெடுக்கும் கொழுந்தும், தொழிற்சாலையில் நேரம் பார்ப்பவரின் அனுபவமுமே.

சேர்வைக்குப் பிறந்த ஊர் இல்லை என்னும் இவ்வுண்மையை உணராமையால் விளையும் துன்பம் சிறிதன்று. 2021ஆம் ஆண்டில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டது. முன்னேற்பாடில்லாத அம்மாற்றத்தின் விளைவு அடுத்த ஆண்டிலும் தொடர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாகக் குறைந்தது. எரிபொருள் தட்டுப்பாடு முதலிய வேறு காரணங்களும் அதற்குண்டு. இயற்கை நல்லது, இரசாயனம் தீது என்ற பேச்சு அந்நாள்களில் எங்கும் ஒலித்தது. மூலக்கூற்றை அறிந்தவர் அவ்வாறு பேசார். யூரியாவின் மூலக்கூற்றில் காபன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு ஒன்று, நைதரசன் அணுக்கள் இரண்டு, ஐதரசன் அணுக்கள் நான்கு. மாட்டின் சிறுநீரில் உள்ள யூரியாவும் அதுவே. மூட்டையில் வரும் யூரியாவும் அதுவே. 1828ஆம் ஆண்டில் வோலர் என்னும் ஜேர்மானியர் உயிரற்ற உப்பொன்றிலிருந்து யூரியாவை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டியபோதே, உயிர்ப்பொருளுக்கென்று தனி இரசாயனம் உண்டு என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது. மண்ணில் நுண்ணுயிர்கள் இரண்டையும் ஒரே வகையாகச் சிதைத்து வேருக்கு ஊட்டுகின்றன.

வேற்றுமை பிறப்பில் இல்லை, அளவில் உண்டு. 50 கிலோ யூரியாவில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் கொண்ட கூட்டெருவிலிருந்து அதே அளவைப் பெறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் எரு வேண்டும். பூனாகலை போன்ற செங்குத்தான மலைகளில் அதனை முதுகில் சுமந்து ஏறுபவர் யார் என்ற கேள்வியும் அதனுடன் சேர்ந்தே எழுகிறது. இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டெருவிலுள்ள உக்கல் மண்ணின் ஈரத்தைப் பிடித்துவைத்து, சரிவில் மண் கரைந்து போவதைக் குறைக்கிறது. அப்பணியை யூரியா ஒருபோதும் செய்யாது. மிகையாக இட்டால் மண்ணைப் புளிப்பேற்றி, நீர்நிலைகளையும் கெடுக்கும். ஆகவே, எது இயற்கை, எது செயற்கை என்பது பயன்தரும் கேள்வியன்று. எந்த மூலக்கூறு, எத்தனை அளவு, எந்த வேலைக்கு என்பதே கேள்வி.

அளவைப் பற்றிய இதே பாடம் வீட்டுக்குள்ளும் தேவைப்படுகிறது. ஒரு கோப்பை ஊவாத் தேநீரில் மெதைல் சலிசிலேற்று மிக நுண்ணிய அளவிலே இருப்பதால் அது மணமாய் நிற்கிறது. தைலத்தில் கூடுதலாயிருப்பதால் தோலிற் பூச வலி தணிகிறது. தூய எண்ணெயாயின், ஒரு தேக்கரண்டி உட்சென்றால் சிறு குழந்தையின் உயிரையே போக்கவல்லது. மூலக்கூறு மூன்றிலும் ஒன்றே. எனவே, அத்தகைய தைலப் போத்தல்களைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் கட்டாயமாகும்.

ஓரணு வேற்றுமையின் வன்மைக்கும் மலைநாட்டு வீடுகளிலேயே சான்று உண்டு. மார்கழி, தை மாதங்களில் குளிர் மிகும்போது லயத்து அறைகளின் கதவும் சாளரமும் அடைக்கப்படுகின்றன. உள்ளே அடுப்பு எரிகிறது, அல்லது குளிர்காயக் கரிச்சட்டி வைக்கப்படுகிறது. காற்றோட்டம் இருக்கும் வரையில் கரியின் ஒரு காபன் அணுவோடு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேர்ந்து காபனீரொட்சைட்டு உண்டாகும். மனிதர் மூச்சில் வெளிவிடுவதும் அதுவே. ஒட்சிசன் போதாவிட்டால் ஒரு காபனோடு ஒரே ஒட்சிசன் சேர்ந்து காபனோரொட்சைட்டு உண்டாகிறது. ஓரணு குறைந்தது, உயிர்ப்பகை பிறந்தது. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையோடு பற்றிக்கொள்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் உறக்கம் போல் வந்து, உறங்கியவர் எழாமலே போகக்கூடும். புகை தெரியவில்லை என்பதால் கரிச்சட்டி தீங்கற்றது என்று எண்ணுதல் பெரும் பிழை. எரியும் கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. அடுப்பு எரியும் அறையில் காற்று நுழைந்து வெளியேற வழி இருத்தல் வேண்டும். குளிர் சற்றுக் கூடினாலும் குறையில்லை.

தோட்டப் பாடசாலையில் இரசாயனம் பயிலும் மாணவர்க்கு மூலக்கூறு என்பது பெரும்பாலும் கரும்பலகையில் எழுதிய குறியீடாகவே அறிமுகமாகிறது. அக்குறியீடு அவர்களுடைய வீட்டு அடுப்பிலும், தைலப் போத்தலிலும், பெற்றோர் இடும் பசளையிலும் நாள்தோறும் உலவுவதை ஆசிரியர் காட்டிவிட்டால், பாடம் மனனத்திலிருந்து அறிவாக மாறும்.

கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்பது பழகிய விதி. கபீனும் கற்றெச்சின்களும் முற்றிய இலையிலும் இளங்குருத்திலேயே மிகுதி என்பது இரசாயன அறிஞர் அளந்து கண்ட முடிவு. அவ்விதியும் இம்முடிவும் ஒன்றையே கூறுகின்றன. முற்றியதை விட்டு இளையதைக் கிள்ளும் ஒவ்வொரு முறையும் அவளுடைய விரல்கள் மூலக்கூறுகளைத் தரம்பிரிக்கின்றன. சரிவில் நின்று, காற்றை எதிர்த்து, ஒரு நாளில் பல்லாயிரம் முறை அவ்விரல்கள் செய்யும் அந்தத் தெரிவை, தொழிற்சாலையின் எந்தப் பொறியும் பின்னர் ஈடுசெய்வதில்லை. தேயிலையின் விலையைப் பேசும் இடங்களிலெல்லாம் அவ்விரல்களின் கூலியையும் சேர்த்துப் பேசுவது இரசாயனத்தின்படியும் நியாயமே.